நானூறாவது இதழ்

நீங்கள் கொடுத்த காகிதம் நல்ல காகிதம். மை ஊறவில்லை, பின்பக்கம் தெரியவும் இல்லை. காவல் நிலையத்தில் இப்படியொரு காகிதத்தை நான் எதிர்பார்க்கவில்லை. முப்பத்தைந்து வருடமாகக் காகிதத்தோடு மல்லுக்கட்டியவன் என்பதால் கை முதலில் அதைத்தான் தடவிப் பார்க்கிறது.

எந்த மொழி வசதியோ அதில் எழுதலாம் என்று சொன்னீர்கள். தமிழில் எழுதுகிறேன். மொழிபெயர்க்க ஆள் தேட வேண்டியிருக்கும். இந்த ஊரில் தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவரைக் கண்டுபிடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று என்னைவிட அறிந்தவர் யாரும் இல்லை.

என் பெயர் வெங்கடநாராயணன். வயது அறுபத்து நான்கு. பாலிகஞ்சில் ஒரு பழைய கட்டடத்தின் கீழ்த்தளத்து அறையிலிருந்து 'மாநகர் மடல்' என்ற மாத இதழை நடத்துகிறேன். கொல்கத்தாவில் வாழும் தமிழர்களுக்கான நகர இதழ். முதல் இதழ் 1990 அக்டோபரில் வந்தது. அன்று முதல் ஒரு மாதம்கூட விட்டதில்லை. ஒரு தேயிலை நிறுவனத்தில் நல்ல வேலையில் இருந்தேன். வெளியூர்ப் பயணங்களால் இதழ் தேதி தவறிவிடுமோ என்று பயந்து நாற்பத்தைந்து வயதில் அதை விட்டேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பொதுமுடக்கத்தில் அச்சகம் மூடியிருந்தபோதும் பக்கங்களைக் கைப்பேசிகளுக்கு அனுப்பி இதழ் எண்ணைக் காப்பாற்றினேன். நீங்கள் கேட்ட விஷயத்துக்கும் இதற்கும் தொடர்பு இல்லை என்று தோன்றலாம். எனக்கு இது முழுக்க ஒரே விஷயம்.

என் கஷ்டம் சாதாரணமானது. இதழ் ஒழுங்காக வந்தது, யாரும் படிக்கவில்லை.

2021இல் ஏரிப் பக்கம் ஒரு வீட்டுக்குத் துக்கம் விசாரிக்கப் போனேன். இறந்தவர் என் ஆரம்பகாலச் சந்தாதாரர். செருப்பு அலமாரியின் மேல் 'மாநகர் மடல்' இருபத்தெட்டு இதழ்கள் அடுக்கியிருந்தன. ஒன்றின் உறைகூடக் கிழியவில்லை. அவருடைய மகன் என் பார்வையைக் கவனித்துவிட்டான். "அங்கிள், பாபாவுக்கு கடைசில கண்ணு தெரியல. எங்களுக்குப் படிக்க வராது. தூக்கிப் போட மனசு வரல, அதான் வச்சிருக்கோம்" என்றான். மரியாதையாகத்தான் சொன்னான். அந்த மரியாதையை என்னால் விழுங்க முடியவில்லை. டாலிகஞ்சில் ஒரு கடைக்காரர் என் தலையங்கத்தில் பக்கோடா மடித்துக் கொடுத்தபோது அவ்வளவு வருத்தம் வரவில்லை. அவராவது உறையைப் பிரித்திருந்தார்.

என் பக்கங்களை வடிவமைக்கும் பிரபாவுக்கே தமிழ் படிக்கத் தெரியாது. இந்த ஊரில் பிறந்து வளர்ந்த பெண். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. வீட்டில் தமிழ் பேசுவாள், படிப்பு வங்காளத்திலும் ஆங்கிலத்திலும். எழுத்துகளின் உருவத்தை வைத்துப் பத்தி பிரிப்பாள். ஒருமுறை திருமண வாழ்த்தை இரங்கல் பக்கத்தில் கறுப்புக் கட்டத்துக்குள் வைத்துவிட்டாள். அதைச் சுட்டிக்காட்டி ஒரு கடிதமாவது வரும் என்று காத்திருந்தேன். மணமக்கள் வீட்டிலிருந்துகூட வரவில்லை.

அப்படிப்பட்ட நேரத்தில்தான் பட்டாபி காணாமல் போனார்.

முழுப் பெயர் பட்டாபிராமன். அப்போது எழுபத்தொரு வயது. டாக்குரியாவில் மனைவி மீனாக்ஷியோடு இருந்தார். பிள்ளைகள் இல்லை. டாக்குரியாவிலிருந்து சியால்தாவுக்கு முப்பத்தாறு வருடம் மின்ரயிலில் வேலைக்குப் போய்வந்தவர். ஓய்வுக்குப் பிறகு மறதி நோய் வந்தது. 2022 ஆகஸ்டில் ஒரு நாள் காலையில், மனைவி குளித்துவிட்டு வருவதற்குள் சட்டையைப் போட்டுக்கொண்டு ஆபீசுக்குக் கிளம்பிவிட்டார். அதற்குப் பிறகு அவரை யாரும் பார்க்கவில்லை.

மீனாக்ஷி அம்மாள் ஓர் அறிவிப்புப் போடச் சொல்லி என்னிடம் வந்தார். கையில் இருபது வருடத்துக்கு முந்தைய புகைப்படம் ஒன்று. அதையே வைத்துப் போட்டேன். அடுத்த மாதமும் வந்தார். அறிவிப்பு வேண்டாம், நான் ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன், அவர் எங்கேயாவது பேப்பரைப் பார்த்தால் படிப்பார் என்று நான்கு பக்கம் நீட்டினார். அதில் அழுகை இல்லை. கேஸ் சிலிண்டர் மாற்ற வந்தவர் அவரைப் பற்றிக் கேட்டது, இவர் வீட்டில் அரைத்து விற்கும் இட்லிமாவு வாங்க வந்த வங்காளிப் பெண் அவருடைய நாற்காலியில் உட்காரப் போய், நினைவு வந்து எழுந்தது, இப்படிச் சின்னச் சின்ன விஷயங்கள். கடைசியில் 'குடையை எடுத்துக்கொண்டு போகவில்லை நீங்கள்' என்று முடித்திருந்தார். அதற்கு 'இன்னும் வரவில்லை' என்று தலைப்பு வைத்தேன். தலைப்பு மட்டும்தான் என்னுடையது.

பக்கம் வைக்கும்போது பிரபா அதை வாசித்துக் காட்டச் சொன்னாள். வாசித்தேன். முடித்ததும் அவள் கணினியிலிருந்து திரும்பி, "அப்புறம் என்ன ஆச்சு அங்கிள்?" என்றாள்.

முப்பத்திரண்டு வருடத்தில் என் இதழைப் பற்றி யாரும் அப்படிக் கேட்டதில்லை. அந்த ஒரு கேள்விக்காக நான் என்னவெல்லாம் செய்திருப்பேன் என்பதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும்.

மாதா மாதம் மீனாக்ஷி அம்மாள் எழுதினார். ஆறே மாதத்தில் அறுநூறு பிரதி இரண்டாயிரத்தைத் தாண்டியது. தமிழ் தெரியாத பேரப்பிள்ளைகள் வீட்டுப் பெரியவர்களை வாசிக்கச் சொல்லிக் கேட்டார்கள். பேசத் தெரிந்தும் படிக்கத் தெரியாத நான்கைந்து பெண்கள் சேர்ந்து ஞாயிற்றுக்கிழமைகளில் எழுத்துப் பழக ஆரம்பித்தார்கள். ஒரு வங்காளப் பத்திரிகை எங்களைப் பற்றி எழுதியது. நான் பஸ்ஸில் போகும்போது முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு பெண் என் இதழை மடியில் விரித்துப் படித்துக்கொண்டிருந்தாள். இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி நானும் போனேன், அவளும் போனாள்.

2023 ஜூனில் அப்துல் ரஹீம் தொலைபேசியில் அழைத்தார். ஆம்பூர்க்காரர், இங்கே தோல் வியாபாரம். இதழின் வாசகர். பாருய்பூர் தாண்டி ஒரு காப்பகத்துக்கு வருடத்துக்கு ஒருமுறை துணிமணி கொடுப்பவர். "சார், அங்க ஒரு பெரியவர் இருக்காரு. தமிழ்தான் பேசறாரு, அங்க இருக்கறவங்களுக்கு ஒண்ணும் புரியல. நம்ம மாமி எழுதறாங்களே, அவங்க வீட்டுக்காரரா இருக்குமோன்னு ஒரு சந்தேகம். போட்டோவோட பார்த்தா ஆள் ரொம்ப மெலிஞ்சிருக்காரு. நீங்க ஒரு எட்டு போய்ப் பாருங்களேன்" என்றார்.

மறுநாளே போனேன். அதை நீங்கள் கவனிக்க வேண்டும். ஒரு நாள்கூடத் தாமதிக்கவில்லை.

அது பட்டாபிதான். பதிவேட்டில் 'பட்டா பாபு, ஊர் தெரியாது' என்று எழுதியிருந்தார்கள். டாக்குரியாவில் எதிர்த்திசை வண்டியில் ஏறியிருக்கிறார். பாருய்பூர் நடைமேடையில் இரண்டு நாள் உட்கார்ந்திருந்தவரை யாரோ கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். சுத்தமாக இருந்தார். எல்லோரும் அவரைத் தாத்தா என்ற பொருளில் 'தாது' என்று அழைத்தார்கள். வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும், "இந்த வண்டி சியால்தா போகுமோ?" என்று தமிழில் கேட்டார். அங்கே எல்லோரும் தீதி, அதாவது அக்கா, என்று அழைக்கும் பொறுப்பாளர் என்னிடம், "உங்களுக்குத் தெரிந்தவரா?" என்றார். எங்கள் ஊர்க்காரர், குடும்பத்தை விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். அதில் பொய் என்று எதுவும் இல்லை.

திரும்பும்போது மின்ரயிலில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. யோசித்தபடியே வந்தேன். அந்த மாதப் பக்கங்கள் அச்சகத்துக்குப் போய்விட்டிருந்தன. அன்றே மீனாக்ஷி அம்மாளிடம் சொன்னால் மாலைக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். கைப்பேசிகளில் படம் சுற்றும், எல்லோரும் அழுவார்கள், ஒரு வாரத்தில் மறந்துவிடுவார்கள். இதழ் வரும்போது அது பழைய செய்தி. இதழ் தேடியது, இதழ் கண்டுபிடித்தது, ஆனால் இதழில் வராது. அது நியாயமாகப் படவில்லை. அக்டோபரில் துர்கா பூஜைச் சிறப்பிதழ் வரும். அதில் வைத்தால் பொருத்தமாக இருக்கும் என்று நினைத்தேன். நான்கு மாதம். ஏற்கெனவே பத்து மாதம் காத்திருந்தவர்தானே.

ரஹீமிடம் அது வேறு ஆள், தஞ்சாவூர்ப் பக்கம், குடும்பத்துக்குத் தகவல் போய்விட்டது என்று சொன்னேன். "நல்ல காரியம் பண்ணீங்க சார்" என்றார்.

செப்டம்பரில் கணக்குப் போட்டுப் பார்த்தபோது 2024 ஜனவரி இதழ் நானூறாவது இதழ் என்பது தெரிந்தது. ஒரு தனிமனிதன் வெளிமாநிலத்தில் நடத்தும் தமிழ் இதழுக்கு நானூறு என்பது சின்ன விஷயம் இல்லை. பூஜையைவிட அதுவே சரி என்று முடிவு செய்தேன். அட்டைப்படத்தையும் மனத்தில் வரைந்துவிட்டேன். கதவு திறந்திருக்கிறது, இருவரும் வாசலில் நிற்கிறார்கள்.

இடையில் நான் அவரைக் கைவிடவில்லை. காப்பகத்துப் பதிவேட்டில் என் கையெழுத்து பதினொரு இடத்தில் இருப்பதை நீங்களே பார்த்திருக்கிறீர்கள். வேட்டி, ஸ்வெட்டர், அவருக்குப் பிடித்த நார்த்தங்காய் ஊறுகாய் எல்லாம் கொண்டுபோனேன். ஊறுகாய் பிடிக்கும் என்பது மீனாக்ஷி அம்மாளின் எழுத்திலிருந்து தெரிந்ததுதான். இதழையும் கொண்டுபோய் அந்த அம்மாள் எழுதியதை வாசித்துக் காட்டுவேன். பட்டாபி கவனமாகக் கேட்பார். "பாவம், யாரோ ஒரு மாமி. அவாத்துக்காரர் எங்கே போனாராம்?" என்று ஒருமுறை கேட்டார். இன்னொரு நாள் நடுவிலேயே நிறுத்தி, "இது மீனாக்ஷின்னா எழுதியிருக்கா" என்றார். பிறகு சியால்தா வண்டியைப் பற்றிக் கேட்டார்.

அந்த சியால்தாக் கேள்வியைப் பற்றி மீனாக்ஷி அம்மாளும் எழுதுவார். வீட்டிலேயே, சமையலறைக்குள் வந்து, இந்த வண்டி சியால்தா போகுமோ என்று கேட்பாராம். இடதுகாது மடலில் இருந்த வெட்டுத் தழும்பைப் பற்றியும் எழுதுவார். நான் அந்த வரிகளை எடுத்துவிடுவேன். ஆசிரியர் என்ற முறையில் செய்கிற திருத்தம்தான். அடையாளங்கள் நிறைய வந்தால் கடிதம் என்ற உணர்வு போய் அறிவிப்பு மாதிரி ஆகிவிடும்.

டிசம்பர் பத்தொன்பதாம் தேதி பட்டாபி இறந்துபோனார். மார்ச்சளி. மூன்றே நாள். வந்து பார்க்கிற ஒரே ஆள் என்பதால் தீதி எனக்குத்தான் சொல்லி அனுப்பினார். போனேன். "உங்கள் வழக்கப்படி ஏதாவது செய்ய வேண்டுமா?" என்று கேட்டார். எனக்கு அவ்வளவு நெருக்கம் இல்லை என்றேன். தகனத்துக்கான தாளில் உறவு என்ற இடத்தில் 'நண்பர்' என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

நானூறாவது இதழ் குறித்த தேதியில் வந்தது. அட்டையில் மீனாக்ஷி அம்மாள் மட்டும் வாசலில் நிற்கும் படம். உண்மையில் நான் மனத்தில் வரைந்திருந்த படத்தைவிட அது நன்றாக அமைந்துவிட்டது. மூன்றாயிரம் பிரதியும் தீர்ந்து மறுபடி அச்சடித்தோம்.

ஏன் அப்போதாவது சொல்லவில்லை என்று நேற்று இரண்டு முறை கேட்டீர்கள். அந்த அம்மாளை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மாதத்தின் முதல் வாரம் முழுக்க யோசித்து, இரண்டாம் வாரம் எழுதி, மூன்றாம் வாரம் தானே நடந்துவந்து கொடுப்பார். கண்ணில் ஒரு வெளிச்சம் இருக்கும். "அவர் படிப்பாரோன்னோ சார்?" என்பார். "நிச்சயம் படிப்பார் மாமி" என்பேன். செத்துப்போனார் என்று சொல்லியிருந்தால் அந்த அம்மாள் பேனாவைக் கீழே வைத்திருப்பார். அப்புறம் அவருக்கு என்ன மிச்சம்? என்னைக் கேட்டால், அவரை உயிரோடு வைத்திருந்தது இதழ்தான். இன்னும் பதினான்கு கடிதங்கள் எழுதினார். எல்லாவற்றையும் அந்தந்த மாதமே வெளியிட்டேன்.

எப்படி வெளியே வந்தது என்பது உங்களுக்குத் தெரியும், ஆனாலும் எழுதுகிறேன். 2025 பிப்ரவரியில் எனக்கு டெங்கு. பத்து நாள் எழுந்திருக்க முடியவில்லை. இதழ் நிற்கக் கூடாது என்று பிரபாவே கடிதத்தைத் தட்டச்சுக்குக் கொடுத்து அப்படியே பக்கத்தில் வைத்துவிட்டாள். அவளுக்குத்தான் படிக்கத் தெரியாதே. மார்ச் இதழில் சியால்தாக் கேள்வி இருந்தது, காதுத் தழும்பும் இருந்தது. பட்டாபியைக் கண்டுபிடித்த பிறகு என் திருத்தம் இல்லாமல் வெளியான ஒரே கடிதம் அது.

ரஹீம் அதைப் படித்துவிட்டு நேரே காப்பகத்துக்குப் போயிருக்கிறார். அங்கிருந்து என் அலுவலகத்துக்கு வந்தார். கைப்பேசியில் பதிவேட்டின் படத்தைப் பெரிதாக்கி மேசைமேல் வைத்தார்.

"இது உங்க கையெழுத்துதானே சார்?"

"ஆமாம்."

"பதினொரு தடவை போயிருக்கீங்க."

"ஆமாம்."

அவர் கத்தவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தார். சுவரில் மாட்டியிருந்த அட்டைப்படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். "நான்தானே சார் உங்ககிட்ட சொன்னேன். அந்த அம்மாகிட்டயே நேரா சொல்லியிருக்கலாமே. இப்ப அவங்க மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?" என்றார். ஏப்ரல் இதழ் வரும்வரை பொறுத்திருக்க முடியுமா என்று கேட்டேன். அவர் எழுந்து போய்விட்டார். நியாயமான கேள்வியாகத்தான் எனக்குப் பட்டது. பக்கங்கள் தயாராக இருந்தன.

மறுநாள் காலையில் மீனாக்ஷி அம்மாள் வந்தார். ரஹீம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தார். நான் எழுந்து நாற்காலி போட்டேன். உட்காரவில்லை. திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், அதற்கான பதிலும் வைத்திருந்தேன். அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"என்னைப் பத்தி ஏதாவது கேட்டாரா?"

"இல்லை மாமி. அவருக்கு எதுவும் ஞாபகம் இல்லை" என்றேன்.

அவர் மெதுவாகத் தலையை ஆட்டிவிட்டு வெளியே போனார். பிரபா எழுந்து அவர் பின்னாலேயே போனாள். திரும்பி வரவில்லை.

அந்தப் பதில் பொய். அந்த அம்மாளுக்கு இனிமேலும் வலிக்க வேண்டாம் என்றுதான் சொன்னேன். ஆனால் வாக்குமூலத்தில் பொய் இருக்கக் கூடாது என்கிறீர்கள். என் மேசையிலிருந்து உங்கள் ஆட்கள் கண்டெடுத்த பட்டாபியின் புகைப்படத்தைப் பற்றியும் கேட்டீர்கள். இரண்டுக்கும் பதில் ஒன்றே.

அது 2023 நவம்பரில் எடுத்த படம். நானூறாவது இதழின் உள்பக்கத்துக்கு, வீடு திரும்புவதற்கு முன் அவர் எப்படி இருந்தார் என்று காட்ட ஒரு நல்ல படம் தேவைப்பட்டது. காப்பகத்தில் வெளிச்சம் போதாது. கண் மருத்துவரிடம் காட்டுவதாக தீதியிடம் சொல்லி, பாலிகஞ்சில் எனக்குத் தெரிந்த ஸ்டுடியோவுக்கு அவரை அழைத்துவந்தேன். மின்ரயிலில்தான் வந்தோம். மதிய நேரம், கூட்டம் இல்லை. கரியா ஸ்டேஷன் தாண்டியும் தூங்கிக்கொண்டே வந்தார். யாதவ்பூர் தாண்டியதும் விழித்துக்கொண்டார். வண்டி வேகம் குறைந்தபோது யாரும் சொல்லாமலே எழுந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு கதவுப் பக்கம் நடந்தார். வெளியே டாக்குரியா.

"வந்துடுத்து" என்றார். "மீனாக்ஷி சாப்பிடாம காத்துண்டிருப்பா."

வேட்டியைச் சரிசெய்துகொண்டார். கண் தெளிவாக இருந்தது. அங்கிருந்து அவர் வீடு நான்கு நிமிட நடை. நான் அவருடைய தோளைப் பிடித்தேன். இறங்க முயன்றார். வயதானவர், பலம் ஒன்றும் இல்லை. இரண்டு கையாலும் பிடித்து, பக்கத்து இருக்கையில் உட்காரவைத்து, வண்டி நகரும்வரை தோளை அழுத்திக்கொண்டு நின்றேன். "இது இல்லை மாமா, அடுத்த ஸ்டேஷன்" என்றேன். எதிரில் இருந்த ஒரு பெண்மணி, அப்பாவை இவ்வளவு பத்திரமாகப் பார்த்துக்கொள்கிறீர்களே என்று வங்காளத்தில் பாராட்டினார்.

படம் எடுத்து முடித்துத் திரும்பும்போதும் வண்டி டாக்குரியாவில் நின்றது. இந்த முறை அவர் எழவில்லை. ஜன்னல் வழியாக நடைமேடையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"இங்கே இறங்கப்படாது, இல்லையா?" என்று கேட்டார்.

"ஜனவரியில் இறங்கலாம்" என்றேன்.

"சரி" என்றார்.

இதை நான் வற்புறுத்திச் சொல்ல வைக்கவில்லை. அவராகத்தான் கேட்டார், அவராகத்தான் சரி என்றார். எல்லாம் அவருடைய சம்மதத்தோடுதான் நடந்தது என்பதையும் நீங்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும்.